110 குழாய், 100 ஹோஸ், நடுவே 75: ஒரு மரப்பட்டறையின் தூள் இணைப்புகள்

கோவைப் புறநகரில் மரச்சாமான் செய்யும் சிறிய பட்டறை அது. தேக்கும் வேங்கையும் அறுப்பார்கள். அதைவிட அதிகமாகப் பிளைவுட்டும், மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையும் அறுபடும். உரிமையாளர் என்னை அழைத்தபோது முடிவைக் கிட்டத்தட்ட எடுத்துவிட்டிருந்தார். "திக்னஸர் ஓட்டுனா கொஞ்ச நேரத்துல அடைச்சுக்குதுங்க. இப்ப இருக்கிற 2 ஹெச்.பி. தூள் மெஷின் பத்தல. 5 ஹெச்.பி.ல ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கேன். வாங்கறதுக்கு முன்னாடி நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லுங்க" என்றார்.

திக்னஸர் என்பது பலகையை ஒரே கனத்துக்கு இழைக்கும் மெஷின். அடைப்பு மட்டும் இல்லை. டேபிள் சா என்ற மேசை ரம்பத்தைச் சுற்றிக் கணுக்கால் வரை தூள். மரத்தைக் கோணம் வைத்துக் குறுக்கே அறுக்கும் மைட்டர் சாவுக்குப் பின்னால் சுவரே தெரியவில்லை. மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் சாண்டரைப் பிடிக்கும் தம்பி முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்தார். ஆனால் தூள் உறிஞ்சும் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சத்தமும் பலமாகவே இருந்தது.

இந்தப் பட்டறையில் கண்டதை விரிவாக எழுதக் காரணம், இதே அமைப்பை வேறு பல பட்டறைகளிலும் பார்க்கிறேன் என்பதுதான். மெஷின்கள் ஆளுக்கொரு நாட்டு அளவில் வருகின்றன. ஹோஸ் வேறொரு அளவு. இரண்டையும் சேர்க்கும் குழாயோ பிளம்பிங் கடையில் வாங்கிய கழிவுநீர்க் குழாய். எப்படியாவது ஒன்றோடொன்று பொருந்தினால் போதும் என்று வேலை முடிந்துவிடுகிறது. காற்று அந்த வழியாகப் போகுமா என்று யாரும் பார்ப்பதில்லை.

எல்லாமே நாலு இஞ்ச்தான்

பட்டறையில் இருந்தவை இவை. உறிஞ்சியின் வாய் 125 மி.மீ.; அதில் இரண்டு 100 மி.மீ. வாய்களாகப் பிரியும் ஒய் வடிவ இணைப்பு மாட்டியிருந்தது. அங்கிருந்து சுவரோரமாக 110 மி.மீ. பி.வி.சி. குழாய். திக்னஸர் ஐரோப்பிய வடிவமைப்பு, அதன் தூள் வாய் 120 மி.மீ. டேபிள் சாவுக்கும், நாடா ரம்பமான பேண்ட் சாவுக்கும் 100. மைட்டர் சாவும் சாண்டரும் 35 மி.மீ. ஹோஸில். இவை எல்லாம் அதே சுவர்க் குழாயில்தான் போய்ச் சேர்ந்தன.

கடையில் கேட்டால் இதில் முக்கால்வாசியும் "நாலு இஞ்ச்" என்பார்கள். மெஷினின் தூள் வாயை வெளிவிட்டத்தால் சொல்கிறார்கள், ஏனென்றால் ஹோஸ் அதன் மேல் ஏற வேண்டும். ஹோஸை உள்விட்டத்தால் சொல்கிறார்கள். பி.வி.சி. கழிவுக் குழாய்க்கோ ஐ.எஸ். 13592 என்ற இந்தியத் தரப்படி வெளிவிட்டம்தான் பெயர்: 75, 110, 160. அந்த 110 குழாயில் மெல்லிய ஏ வகைக்குச் சுவர் 2.2 மி.மீ., தடித்த பி வகைக்கு 3.2. ஆக உள்விட்டம் 105.6 அல்லது 103.6. இப்போது சேர்த்துப் பாருங்கள். 100 மி.மீ. வாயை 110 குழாய்க்குள் விட்டால் லொடலொடவென்று ஆடும். 100 மி.மீ. ஹோஸை 110 குழாய் மேல் ஏற்றவே முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவே போடும் சாமான் பிளம்பிங் கடையில் கிடையாது. தண்ணீர் வேலையில் அதற்குத் தேவையே இல்லை.

குழாய் போட்டவர் தன்னிடம் இருந்ததை வைத்து வழி கண்டுபிடித்திருந்தார். 110-லிருந்து 75-க்கு இறங்கும் ரெடியூசர், அதில் ஒரு துண்டு 75 குழாய், அதை ஹோஸுக்குள் நுழைத்து, சுற்றி இருந்த இடைவெளியில் துணியைத் திணித்து, மேலே டேப். ஒவ்வொரு மெஷினுக்கும் இதே கைவேலை. பார்க்க உறுதியாக இருந்தது, இழுத்தாலும் கழலவில்லை.

75 குழாயின் உள்விட்டம் சுமார் 70 மி.மீ. விட்டத்தில் 100-க்கும் 70-க்கும் பெரிய வித்தியாசம் இல்லாததுபோல் இருக்கும். காற்று போவது பரப்பின் வழியாக. 100 மி.மீ. வட்டத்தின் பரப்பு 7,850 சதுர மி.மீ., 70-க்கு 3,850. பாதிகூட இல்லை. திக்னஸரின் 120 வாயோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. சீவலை அள்ளிக்கொட்டும் ஒரு மெஷினுக்கு அந்த மூன்றில் ஒரு பங்கு வழியைக் கொடுத்துவிட்டு, தூள் மெஷின் பத்தவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

மோட்டார் வீக் ஆகவில்லை

எனக்கு முன்பே ஓர் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்திருந்தார். கிளாம்ப் மீட்டர் போட்டுப் பார்த்ததில், தகட்டில் எழுதியிருக்கும் ஆம்பியரைவிட மோட்டார் மிகக் குறைவாக எடுக்கிறது. அதனால் மோட்டாருக்குப் பலம் போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். 5 ஹெச்.பி. யோசனைக்கு அதுவும் ஒரு காரணம்.

இது பரவலாக இருக்கும் தவறான எண்ணம். இந்த வகை உறிஞ்சிகளில் இருக்கும் மையவிலக்கு விசிறி, வழி அடைபட்டால் குறைவான மின்சாரம்தான் எடுக்கும். அதன் வேலை காற்றைத் தள்ளுவது. தள்ளக் காற்று வராதபோது வேலையும் இல்லை. வீட்டு வேக்குவம் கிளீனரின் வாயைக் கையால் பொத்தினால் மோட்டார் வேகமாகக் கத்துவதும் இதனால்தான். குறைந்த ஆம்பியர் என்றால் எங்கோ வழி அடைபட்டிருக்கிறது என்று பொருள். உண்மையில் பயப்பட வேண்டியது எதிர்ப்பக்கம்: ஹோஸ் எதுவும் மாட்டாமல் வாயைத் திறந்துபோட்டு ஓட்டினால் மோட்டாரில் அளவுக்கு மீறிச் சுமை ஏறலாம்.

அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கொத்தனார் மட்டம் பார்க்கும் அந்தக் கண்ணாடி ட்யூப் போதும். அதை யு வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைக் குழாயில் போட்ட சிறு துளையில் வைக்க வேண்டும். உறிஞ்சல் எவ்வளவோ அவ்வளவுக்கு ஒரு பக்கத் தண்ணீர் ஏறும். திக்னஸர் பக்கத்தில், அந்த 75 துண்டு என்ற குறுகிய கழுத்துக்கு முன்னால் வைத்தபோது வித்தியாசம் ஒரு விரற்கடைகூட இல்லை. கழுத்தைத் தாண்டி விசிறி பக்கம் வைத்ததும் நாலு விரற்கடைக்கு மேல் ஏறியது. விசிறி தன் பலத்தை எல்லாம் அந்தக் கழுத்திலேயே செலவழித்துவிட்டது, மெஷினுக்கு வந்து சேர்ந்தது மிச்சம்தான். உரிமையாளர் தானே ட்யூபை வாங்கி, முன்னும் பின்னுமாக வைத்துப் பார்த்தார். அதன்பிறகு நான் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. கழுத்தைக் கழற்றியபோது அதன் விளிம்பில் நீளச் சீவல்கள் குறுக்கே மாட்டி, பின்னால் வந்தவற்றை எல்லாம் பிடித்து வைத்திருந்தன.

5 ஹெச்.பி. வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு குறுகிய துளை வழியே போகும் காற்று, அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். அழுத்தம் இரண்டு மடங்கானாலும் காற்று 1.4 மடங்குதான். இரண்டரை மடங்கு மின்கட்டணத்துக்கு அது தகுமா என்று அவரே கணக்குப் போட்டுக்கொண்டார்.

எவ்வளவு பெரிது வேண்டும்

கழுத்துதான் குற்றம் என்று தெரிந்ததும் அடுத்த யோசனை உடனே வந்தது: எல்லாவற்றையும் 160 குழாயாகப் போட்டுவிடலாமே? இதையும் நான் தடுத்தேன். மரத்தூளும் சீவலும் குழாயில் விழாமல் பறந்துபோக நொடிக்கு சுமார் 20 மீட்டர் வேகம் வேண்டும் என்பது இந்தத் துறையில் நெடுங்காலமாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. 120 மி.மீ. வாயில் அந்த வேகம் வர, மணிக்கு சுமார் 800 கன மீட்டர் காற்று ஓட வேண்டும். அதே காற்றை 160 குழாய்க்குள் விட்டால் வேகம் நொடிக்கு 12 மீட்டருக்கு இறங்கிவிடும். சீவல் தரையில் படிந்து, மெல்ல மெல்ல மேடாகி, ஒருநாள் மொத்தமாக அடைக்கும். 2 ஹெச்.பி. உறிஞ்சிக்கு அது பொருத்தம் இல்லை. குறுகினாலும் கெடுதல், அளவுக்கு மீறி அகன்றாலும் கெடுதல். அதனால்தான் இரண்டு அளவுகளைச் சேர்க்கும் அடாப்டரைத் தேடுவதற்கு முன் விட்டம் அளக்கும் வெர்னியரை எடுக்கச் சொல்கிறேன். ஒவ்வொரு வாயையும் உள், வெளி இரண்டையும் அளக்க வேண்டும், அதுவும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு இடத்தில். தகட்டு வாய்கள் பெரும்பாலும் முழு வட்டமாக இருப்பதில்லை. பிறகு மெஷினிலிருந்து விசிறி வரை காற்று போகும் வழியில் ஒவ்வொரு இடத்தின் உள்விட்டத்தையும் ஒரு தாளில் வரிசையாக எழுதினால் கழுத்து தானே கண்ணில் படும்.

திக்னஸருக்கு எடுத்த முடிவு எளிது. இந்தப் பட்டறையில் இழைப்பு வேலையைச் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் செய்வார்கள். ஆகவே அந்த நேரத்தில் உறிஞ்சியின் ஒய்யைக் கழற்றிவிட்டு, 125 மி.மீ. ஹோஸை நேராகத் திக்னஸருக்கு இழுத்தோம். மெஷினையும் உறிஞ்சிக்குப் பக்கத்தில் நகர்த்திவிட்டோம். வளைநெளி ஹோஸில் உராய்வு அதிகம், வழவழப்பான குழாயைப்போலப் பல மடங்கு காற்றுப் பலத்தைத் தின்னும். நீளம் குறைந்தால் குறைந்த அளவுக்கு லாபம். 125 ஹோஸுக்கும் 120 வாய்க்கும் நடுவே சுற்றிலும் 2.5 மி.மீ. இடைவெளி. பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் வெட்டி வாயின்மேல் இறுக்கமாகச் சுற்றி, அதன்மேல் ஹோஸை ஏற்றி, கிளிப் போட்டோம். காற்று கசியவில்லை. ரப்பர் பிடிப்பதால் அதிர்வில் கழலவும் இல்லை.

31 மி.மீ. பட்டை

டேபிள் சாவும் பேண்ட் சாவும் சுவர்க் குழாயோடுதான் இருக்க வேண்டும். 100 ஹோஸை 110 குழாயோடு கழுத்தில்லாமல் சேர்க்கும் வேலை இங்கேதான். இந்தப் பட்டறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஏ வகை 110 குழாயில் 200 மி.மீ. துண்டு வெட்டிக்கொள்ள வேண்டும். அதன் விட்டத்தை 110-லிருந்து 100-க்குக் குறைக்க வேண்டும், அதாவது 10 மி.மீ. விட்டம் 10 குறைந்தால் சுற்றளவு அதைப்போல 3.14 மடங்கு, சுமார் 31 மி.மீ. குறையும். துண்டில் நீளவாக்கில் 31 மி.மீ. அகலப் பட்டை ஒன்றை அறுத்து எடுத்துவிட்டால், மிச்சத்தைச் சுருட்டும்போது சரியாக 100 வெளிவிட்டம் வரும். பி.வி.சி. சுமார் 80 டிகிரியில் இளகத் தொடங்கும். ஹீட் கன்னை ஓரிடத்தில் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றிக் காட்டி, துணிபோல் தொய்ந்ததும் ஒரு மர உருளையின்மேல் சுற்றிக் கட்டி, ஆறும் வரை விட்டுவிட வேண்டும். உருளையைக் கடைசல் மெஷினில் அங்கேயே கடைந்துகொண்டார்கள். திறந்த இடத்தில் செய்யுங்கள். நிறம் பழுப்பாகிக் காட்டமான நெடி வந்தால் சூடு மிஞ்சிவிட்டது. அந்தப் புகை ஹைட்ரஜன் குளோரைடு, மூக்கையும் நெஞ்சையும் அரிக்கும்.

ஆறிய துண்டின் ஒரு முனை 70 மி.மீ. ஆழத்துக்கு ஹோஸுக்குள் போகும், மறுமுனை அதே ஆழத்துக்கு 110 குழாய்க்குள் போகும். நடுவில் வெளியே தெரியும் பகுதியில், முன்பு அறுத்தெடுத்த பட்டையையே, வெட்டு விளிம்புகள் சேரும் தையலின் மேல் குறுக்காக வளைத்து சால்வன்ட் போட்டு ஒட்டினோம். தையல் திறக்காமல் அது பிடித்துக்கொள்கிறது. துண்டு அளவுக்கு மீறி உள்ளே போகாமலும் தடுக்கிறது. 110 குழாய்க்குள் இருக்கும் 2.8 மி.மீ. இடைவெளிக்கு மறுபடியும் சைக்கிள் ட்யூப், மேலே சிலிக்கான் ஒரு கோடு. நிரந்தரமாக ஒட்டவில்லை. அடைப்பு எடுக்க என்றாவது கழற்றித்தான் ஆக வேண்டும், சிலிக்கானை பிளேடால் உரித்துவிடலாம். துண்டின் உள்விட்டம் 95.6 மி.மீ.; மெஷின் வாயின் உள்விட்டமும் ஏறக்குறைய அதேதான். ஆக வழி எங்கேயும் குறுகவில்லை.

இந்த இணைப்புகளில் ஒரு விதியைக் கட்டாயம் கடைப்பிடியுங்கள். காற்று வரும் பக்கத்துக் குழாய், போகும் பக்கத்துக் குழாய்க்கு உள்ளே இருக்க வேண்டும். மாறிப்போனால் விளிம்பு சீவலுக்கு எதிரே நிற்கும், அங்கே ஒன்று மாட்டும், மற்றவை அதன்மேல் சேரும். ஹோஸுக்குள் போகும் முனையில் வேறு வழியில்லை, அங்கே விளிம்பை உள்பக்கமாகச் சரிவாகத் தேய்த்துவிட வேண்டும். திருகு போட்டால் முனை உள்ளே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கடையில் வாங்கும் படிப்படியான அடாப்டர்களிலும் இதே கவனம் வேண்டும்: உங்களுக்குத் தேவைப்படாத சிறிய படிகளை அறுத்துத் தள்ளாமல் மாட்டினால், காற்று அந்தச் சிறிய படி வழியாகத்தான் போகும்.

டேபிள் சாவில் இன்னொன்று. அடிப்பெட்டியில் இருந்த ஓட்டைகளை அடைக்கப்போனவர்கள் எல்லாவற்றையும் அடைத்துவிடப் பார்த்தார்கள். காற்று வெளியேற வேண்டுமானால் உள்ளே வரவும் வேண்டும். பிளேடுக்கு எதிர்ப்பக்கம் ஒரு திறப்பை விட்டுவைத்தோம், காற்று பெட்டியைக் கடந்து வாய்க்குப் போகிறது. ஒவ்வொரு கிளையிலும் பிளைவுட்டில் ஒரு ஷட்டர். ஓடாத மெஷினின் ஷட்டரை மூடுவது இப்போது அங்கே பழக்கமாகிவிட்டது. சுவர்க் குழாயின் 90 டிகிரி எல்போக்களை எடுத்துவிட்டு, 45 டிகிரி பெண்டு இரண்டிரண்டாகப் போட்டார்கள்.

சிறிய ஹோஸ்கள்

மைட்டர் சாவையும் சாண்டரையும் பெரிய குழாயிலிருந்து அடியோடு பிரித்துவிட்டோம். எந்த ரெடியூசரும் இங்கே உதவாது. 35 மி.மீ. ஹோஸின் பரப்பு 100-ல் எட்டில் ஒரு பங்கு. பெரிய உறிஞ்சி நிறையக் காற்றைக் குறைந்த பலத்தில் இழுக்கிறது, அதன் உச்ச உறிஞ்சல் சுமார் 250 மி.மீ. நீர்மட்டம்தான், அதாவது யு ட்யூபில் தண்ணீர் காட்டும் உயர வித்தியாசம் அவ்வளவுதான். அவ்வளவு சிறிய ஹோஸில் அந்தப் பலம் உராய்வுக்கே போய்விடும். வேக்குவம் கிளீனர் நேர்மாறு: காற்று குறைவு, உறிஞ்சல் 2,000 மி.மீ. நீர்மட்டம் அளவுக்கு. சிறிய வாய்க்கு அதுதான் சரி. எதிர்த்திசையில் பார்த்தாலும் இதே கதை. நிமிடத்துக்கு 3,500 லிட்டர் என்று எழுதியிருக்கும் வேக்குவத்தை 100 மி.மீ. வாயில் மாட்டினால் வேகம் நொடிக்கு 7 மீட்டரைத்தான் எட்டும், சீவல் நகராது.

வேக்குவத்தின் ஹோஸ் முனையும் சாண்டரின் வாயும் மில்லிமீட்டர் கணக்கில்தான் ஒத்துப்போகவில்லை. மரம் கடையத் தெரிந்தவர்கள் இருக்கும் இடத்தில் இதற்காகப் பிளாஸ்டிக் அடாப்டர் தேடி அலைய வேண்டுமா? பிளைவுட் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கடைசலில் கொடுத்து, உள்ளும் வெளியும் கடைந்தார்கள். ஒற்றை மரத்துண்டில் சுவரை 4 மி.மீ.க்கு இழைத்தால் ரேகை வழியே பிளந்துவிடும், பிளைவுட் பிளக்காது. முனைகளில் ஓரிரு டிகிரி சரிவு கொடுத்தால் அழுத்தும்போது தானே இறுகும். ஒரு மூத்த ஆசாரி கடைந்த வளையத்தைச் சாண்டரில் மாட்டிப் பார்த்தேன், ஆணி அடித்ததுபோல் நின்றது. முப்பரிமாண அச்சில் செய்பவர்கள் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பது நல்லது. அது 60 டிகிரி வாக்கிலேயே இளகும், தகரக் கூரைக்கு அடியில் வெயில் காலத்தில் நிற்காது. பி.இ.டி.ஜி. பரவாயில்லை.

நிலைமின்சாரம் சுரீரென்று அடிக்கிறது என்று முன்பு புகார் இருந்தது. ஹோஸுக்குள் சுருள் கம்பி இருக்கிறது. இரு முனையிலும் அதை உரித்து மெஷினின் உடலோடு திருகி, மெஷினுக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்ததும் அது நின்றது. மூலையில் இருந்த கிரைண்டரையும் யாரோ இதே குழாயில் சேர்க்க யோசித்திருந்தார்கள். அதை மட்டும் ஒருபோதும் செய்யக் கூடாது. தீப்பொறி பையில் இருக்கும் தூளில் போய் விழும், நெருப்பு பல மணி நேரம் புகைந்து, ஆள் இல்லாத இரவில் எரியும்.

இப்போது

திக்னஸர் அடைப்பதில்லை. அகலப் பலகையை ஆழமாக இழைத்தால் மட்டும் ஓரத்தில் கொஞ்சம் சீவல் சிதறுகிறது. மோட்டார் இப்போது தகட்டில் இருக்கும் ஆம்பியரை நெருங்கி எடுக்கிறது, தாண்டவில்லை. மாற்றம் செய்ததும் அதைச் சோதித்துக்கொண்டோம். டேபிள் சாவின் மேல்பக்கத் தூள் இன்னும் வருகிறது. பிளேடு மூடியில் இருக்கும் சிறு வாய்க்கு ஒரு வேக்குவம் தனியாக வேண்டும். பேண்ட் சாவில் மேசைக்கு அடியில் பிளேடுக்குப் பக்கத்தில் பிடிக்கும்படி வாயையே புதிதாக வெட்ட வேண்டியிருக்கிறது.

இவற்றைவிட எனக்குக் கவலை தருவது பை. உறிஞ்சியோடு வந்த துணிப்பை சீவலைப் பிடிக்கிறது, மாவுபோன்ற நுண்தூளை மறுபடி அறைக்குள்ளேயே விடுகிறது. நெஞ்சுக்குள் போவது அந்தத் தூள்தான். இங்கிலாந்தின் ஹை விக்கம் பகுதியில் மரச்சாமான் செய்யும் தொழிலாளர்களிடம் மூக்கின் உட்புறத்தில் வரும் அரிய புற்றுநோய் ஒன்று வழக்கத்தைவிட மிக அதிகமாக இருப்பதை 1960-களிலேயே மருத்துவர்கள் கவனித்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. 5 ஹெச்.பி.க்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை நுண்தூள் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் ஃபில்டருக்குப் போடச் சொல்லியிருக்கிறேன். உரிமையாளர் சரி என்றிருக்கிறார். அது வரும் வரை உறிஞ்சியைப் பின்சுவருக்கு வெளியே, ஒரு சிறு தகரக் கொட்டகைக்குள் வைத்து ஓட்டுகிறார்கள். சாண்டர் தம்பிக்கு வடிகட்டி வைத்த முகக்கவசம் வாங்கியாகிவிட்டது.